விலையில்லா மந்திரம்

போர் மந்திரத்துக்கு விலை வைப்பது எளிது. எதிரே ஒரு பகைவன் நிற்கிறான். நீங்கள் நெருப்பை எறிந்தால் அவன் கைகட்டி நிற்கப் போவதில்லை. அடுத்த முறை அவனுடையது. எறிந்த நெருப்பு குறி தவறினால் உயிர் போகலாம். விலை அந்தக் களத்திலேயே, எதிரியின் கையிலேயே இருக்கிறது. விதி எழுதுகிறவர் தராசுத் தட்டைக் கொஞ்சம் தட்டிவிட்டால் போதும். ஆனால் பசித்தவனுக்குச் சோறு வரவழைக்கும் மந்திரத்துக்கும், வறண்ட ஊரில் தண்ணீர் சுரக்கவைக்கும் மந்திரத்துக்கும் எதிரி யார்? எதிரியே இல்லாத இடத்தில் விலையை யார் வசூலிப்பது?

இந்தக் கேள்வி எனக்கு முதலில் நூல்களிலிருந்து வரவில்லை. அம்பத்தூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. ஞாயிறு மாலைகளில் நான்கைந்து பேர் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். அறியாதவர்களுக்காகச் சொல்வதென்றால், இது பலகையில் காய் நகர்த்தும் ஆட்டமல்ல. ஒருவர் உலகத்தைச் சொல்கிறார்: மழை, சத்திரம், சத்திரக்காரனின் முகக்குறி என்று எல்லாமே அவர் வாய்மொழி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அந்த உலகத்துக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். நிச்சயமில்லாத இடங்களில் இருபது முகம் கொண்ட பகடை தீர்ப்புச் சொல்லும். உலகத்தைச் சொல்பவன் எங்கள் குழுவில் நான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலைதான் கிட்டத்தட்ட. என்ன, கட்டியங்காரனுக்கு விடியும்வரை நேரமிருக்கிறது, எங்களுக்கு ஒன்பது மணிக்கு மேல் ஆவடிப் பக்கம் பேருந்து குறைந்துவிடும்.

2016இல் பொதுவில் விடப்பட்ட விதித்தொகுப்பைப் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து வைத்திருக்கிறோம். அதில் சண்டைக்கான பக்கங்களில் மூலைகள் மடங்கவேயில்லை. சண்டையைப் பற்றி எங்களுக்குள் தகராறு வந்ததில்லை. கிழிந்து, டேப் ஒட்டி, பேனாவால் கிறுக்கப்பட்டிருக்கும் பக்கங்கள் எல்லாம் சண்டையில்லாத மந்திரங்களுடையவை.

விதிகளின் தர்க்கம் இது. மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு இத்தனை ‘ஸ்லாட்’ என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு மந்திரத்தைச் சொன்னால் ஒரு ஸ்லாட் தீர்ந்தது. இரவு தூங்கி எழுந்தால் திரும்பி வரும். சொன்னதும் மனத்திலிருந்து மறைந்துவிடும் மந்திரம் என்கிற இந்த யோசனைக்கு மூலம் ஒரு எழுத்தாளர். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளில் மந்திரவாதிகள் சிலவற்றை மட்டுமே மனத்தில் ஏந்திச் செல்ல முடியும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சுரங்கத்துக்குள் பேய்களுக்கு நடுவே நிற்பவனுக்கு ஒரு ஸ்லாட் என்பது உயிர். அங்கே பூட்டைத் திறக்க ஒன்றைச் செலவழித்தால், பின்னால் காயத்துக்கு மருந்தாக ஒன்று குறையும். ஆனால் சண்டையே இல்லாத ஒரு நாளில்? காலையில் எல்லா ஸ்லாட்டையும் கொட்டிவிட்டு மாலையில் படுத்து உறங்கலாம். விடிந்ததும் பை நிறைந்திருக்கும். போர்க்களத்தில் பொன்னாக இருந்த நாணயம் ஊருக்குள் வந்ததும் செல்லாக்காசாகிவிடுகிறது. அதாவது அங்கே மந்திரம் இலவசம். (2011க்குப் பிறகு நம் அரசாணைகளில் ‘இலவசம்’ என்ற சொல் போய் ‘விலையில்லா’ என்ற சொல் வந்தது நினைவிருக்கலாம். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் சொன்னதுதான். எனக்கென்னவோ மந்திரத்துக்குத்தான் அந்தச் சொல் கூடுதலாகப் பொருந்துகிறது.)

இந்த ஓட்டையை அடைக்க ஒவ்வொரு பதிப்பிலும் முயன்றிருக்கிறார்கள். பழைய பதிப்பொன்றில் ஒருவனை விரைவாக்கும் மந்திரம் அவன் ஆயுளில் ஓராண்டைத் தின்றுவிடும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் மந்திரப் பொருள் செய்பவன் தான் ஈட்டிய அனுபவப் புள்ளிகளை இழக்கவேண்டும். 2008இல் வந்த நான்காம் பதிப்பு சண்டையில்லா மந்திரங்களில் பெரும்பகுதியைச் ‘சடங்கு’ என்று தனியே ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொன்னும் நேரமும் கேட்டது. நான் கண்டவரை, விலைப்பட்டியலைப் பார்த்ததும் ஆடுபவர்கள் சடங்கை மறந்துவிட்டுக் கதவை உதைக்கப் போய்விடுகிறார்கள். 2014இன் ஐந்தாம் பதிப்பு இறங்கி வந்து, பல சடங்குகளைப் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் ஸ்லாட் இல்லாமலே செய்யலாம் என்றது. பத்து நிமிடம் காவலர் நடமாடும் கோட்டைக்குள் பெரிய விலை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஒரு விலையா?

எனக்குப் பிடித்த விதி ஒன்று இவற்றுக்கு நடுவே இருக்கிறது. பூட்டைத் திறக்கும் மந்திரத்தைச் சொன்னால் பூட்டு திறக்கும். ஆனால் கதவைத் தட்டுகிற ஓசை முந்நூறு அடி தூரத்துக்குக் கேட்கும். பொன்னும் இல்லை, ஆயுளும் இல்லை, ஓசை. அந்த ஓசை யார் காதில் விழுகிறது என்பதிலிருந்து கதை தொடங்குகிறது. இதை எழுதியவர் நல்ல கதைசொல்லி என்று நினைத்துக்கொள்வேன்.

2019 கோடையில்தான் எங்களுக்குள் இது முற்றியது. அந்த ஜூன் மாதம் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீர் அடையாற்றில் வந்து ஊருக்குள் புகுந்தது. இப்போது அதே ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. எங்கள் தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் நிறவாரியாக வரிசையில் நிற்கும். ஆள் வரத் தேவையில்லை, குடமே ஆள். எங்கள் குழுவில் மூவர் நிரந்தரமானவர்கள்: அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையொன்றில் சூப்பர்வைசராக இருக்கும் நண்பர், பூந்தமல்லியிலிருந்து வரும் கல்லூரி மாணவன், ஆவடியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு தோழி. டீச்சரின் தெருவில் லாரி நள்ளிரவுக்கு மேல்தான் வரும். ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்கிறார்கள், ஆவடிக்கு வேண்டியிருப்பதோ டேங்கர் என்று அவர்தான் அந்தக் கோடையில் அடிக்கடி சொல்வார்.

டீச்சர் ஏற்றிருந்த பாத்திரம் ஒரு பூசாரிப் பெண். எங்கள் கதை அப்போது நாற்பது வீடுகள் கொண்ட, கிணறு வற்றிய ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த ஊரைக் கடந்து மலைக்குப் போய் அங்கிருக்கும் அரக்கனைக் கொல்வது மற்றவர்களின் திட்டம். டீச்சர் நகர மறுத்தார். தண்ணீர் உண்டாக்கும் மந்திரம் பூசாரிகளுக்கு முதல் நிலையிலேயே உண்டு: ஒரு முறை சொன்னால், திறந்த பாத்திரத்தில் 10 கேலன் தண்ணீர். அவர் பாத்திரம் மூன்றாம் நிலையில் இருந்தது. எல்லா ஸ்லாட்டையும் தண்ணீருக்கே கொடுத்தால் நாளொன்றுக்கு 80 கேலன், அதாவது சுமார் 300 லிட்டர். 12 லிட்டர் குடமென்றால் 25 குடம். (அன்றிரவு வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். 9,000 லிட்டர் லாரி ஒன்றை நிரப்ப அவர் ஒரு மாதம் முழுக்க மந்திரம் சொல்லவேண்டும். மந்திரவாதியைவிட லாரி டிரைவர் வலிமையானவர்.)

சூப்பர்வைசர் நண்பர் இதை ஏற்கவில்லை. தண்ணீர் எங்கிருந்தாவது வந்துதானே ஆகவேண்டும் என்றார். பக்கத்து ஊர்க் கிணற்றில் அத்தனை லிட்டர் குறையட்டும், அதுதான் நியாயமான விலை. அவர் சொன்னதற்கு இந்த ஆட்டத்திலேயே முன்னோடி உண்டு. 1991இல் வந்த ‘டார்க் சன்’ என்ற பாலைவன உலகத்தில் மந்திரவாதி மந்திரம் சொன்னால் அவனைச் சுற்றியுள்ள செடிகொடிகள் கருகி மண் சாம்பலாகும். அந்த உலகம் பாலையானதே அப்படித்தான். மாணவனின் யோசனை எளிமையானது: “ஒவ்வொரு தடவைக்கும் ஒரு முத்து செலவாகணும்னு வெச்சிடுங்கண்ணா.”

டீச்சர் இருவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“சார், கேனுக்குக் காசு, லாரிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு. இங்க வந்தும் தண்ணிக்கு விலை சொல்றீங்களா?”

அவர் கேட்டதில் விதியைப் பற்றிய வாதம் ஒன்று இருந்தது, அது நியாயமானதும்கூட. நெருப்பை எறிகிறவனிடம் யாரும் அந்த நெருப்பு எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கொல்லும் மந்திரத்துக்கு ஒரு ஸ்லாட் போதும். கொடுக்கும் மந்திரத்துக்கு மட்டும் ஸ்லாட்டும் வேண்டும், முத்தும் வேண்டும், பக்கத்து ஊரின் பழியும் வேண்டுமா? சமன் செய்கிறோம் என்ற பெயரில் நாம் செய்வது, ஈகையைச் சந்தேகப்படுவது.

ஆனாலும் சூப்பர்வைசர் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. அடுத்த மாதமே, 2019 ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. எங்கள் ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்துதான் அந்த ரயில் போனது. சென்னைக்கு அது அற்புதம். அங்கிருந்து தண்ணீர் போவதற்கு அந்தப் பக்கத்தில் எதிர்ப்பும் எழுந்திருந்தது. அங்கே கோடை வேறாகவா இருந்தது?

அந்த வாரம் மணிமேகலையை மீண்டும் எடுத்தேன். படிக்கும்போதெல்லாம் நமக்குச் சமயமும் துறவும்தான் முன்னால் வந்து நிற்கும். இம்முறை வேறு கண்ணோடு படித்ததில் சாத்தனார் எவ்வளவு நுட்பமாக விலை வைக்கிறவர் என்பது தெரிந்தது. மணிமேகலா தெய்வம் மணிபல்லவத்தில் அவளுக்குக் கற்றுத்தருபவை மூன்று மந்திரங்கள்: வேற்றுருக் கொள்வது, வான்வழிச் செல்வது, பசியைப் போக்குவது. மூன்றில் ஒன்றுகூடப் போருக்கானதல்ல. சொல்வதற்கு எந்தக் கட்டணமும் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் மாணவனிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்தால், ஆட்டம் கெட்டுவிடும் என்று மூன்றையும் அடித்துவிடுவான்.

சாத்தனார் அடிக்கவில்லை. உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் முதல் மந்திரத்தைச் சொல்லி, காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் உருவம் கொள்கிறாள். பூட்டுத் திறந்தாயிற்று. இனி ஓசை. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான். தன் மனைவி இன்னொருவனோடு பேசுவதைக் காண்கிறான். இரவில் உதயகுமரன் வெட்டுண்டு சாகிறான். ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன, ஒருவருக்கும் தீங்கெண்ணாத மந்திரம். அதற்கு ஓர் உயிர். மந்திரத்துக்குள் அப்படி ஒரு விலை எழுதப்பட்டிருக்கவில்லை. அவள் எந்த முகத்தை எடுத்தாளோ அந்த முகத்துக்கு ஒரு கணவன் இருந்தான், அவ்வளவுதான்.

அமுதசுரபியின் கதை இன்னும் ஆழமானது. அது மணிமேகலைக்கு முன் ஆபுத்திரன் கையில் இருந்தது. ஊர் ஊராகத் துரத்தப்பட்டு மதுரை வந்து, சிந்தாதேவி கோயிலில் தங்கி, பிச்சை எடுத்து, அதைக் குருடருக்கும் செவிடருக்கும் முடவருக்கும் கொடுத்து, மிச்சத்தை உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துப் படுப்பவன். மழை இரவொன்றில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லாதபோது தேவி அந்தப் பாத்திரத்தைத் தருகிறாள். எடுக்க எடுக்கக் குறையாது. விதி எழுதுகிறவனின் பயங்கரக் கனவு! இதைச் சமன் செய்ய வருபவன் இந்திரன். வரம் தருகிறேன் என்று வந்து, ஆபுத்திரனின் சிரிப்பைப் பெற்றுத் திரும்பியவன். அவன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை, அளவு வைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வறண்டிருந்த பாண்டி நாட்டில் மழையைப் பெய்வித்தான். விளைச்சல் பெருகியது. பசித்தவர்கள் இல்லாமல் போனார்கள். உண்பாரைத் தேடி அலையும் ஆபுத்திரனை ஊர் பரிகசித்தது. சாவக நாட்டில் பஞ்சமென்று கேட்டுக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை மறந்து கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு, கையில் குறையாத சோறு. தனக்காக மட்டும் அதிலிருந்து எடுத்துண்ண அவனுக்கு மனமில்லை. கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு உண்ணாநோன்பில் உயிர் நீத்தான்.

கவனிக்கவேண்டியது, மழை பெய்தது நல்லதுதான் என்பது. நாட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இந்திரனின் நோக்கம் கெட்டது, செயல் நல்லது. ஈகையாளன் மட்டும் அதில் அழிகிறான். கொடுப்பவனுக்குக் கொள்பவன் வேண்டும் என்ற உண்மையைவிடக் கூர்மையான விலை எதுவும் எந்த விதிநூலிலும் நான் பார்த்ததில்லை. (‘ஆர்ஸ் மேஜிக்கா’ என்று 1987இல் வந்த ஆட்டமொன்று கொஞ்சம் நெருங்கி வருகிறது. அதில் மந்திரவாதியின் செலவு பருவங்கள். படிக்க ஒரு பருவம், பரிசோதனைக்கு ஒரு பருவம் என்று வாழ்க்கை கரைந்துபோகும். ஆனால் அது அறிஞனின் தனிமை. ஆபுத்திரனுடைய தனிமை வேறு வகை.)

அடுத்த ஞாயிறு மேசைக்கு வந்து சொன்னேன்: முத்து வேண்டாம், பக்கத்து ஊர்க் கிணறும் வேண்டாம், மந்திரம் எழுதியிருப்பபடியே இருக்கட்டும், நாளைக்கு 25 குடம், ஊரில் 40 வீடு, விடிந்ததும் யாருக்கு முதலில் என்று டீச்சர் சொல்லவேண்டும். அவர் சிரித்துவிட்டு, ஒரு தாளை எடுத்து நாற்பது வீடுகளையும் எழுதினார். யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் மாடு, யார் வீட்டில் வரிசைக்கு வர முடியாத கிழவி என்று என்னைக் கேட்டுக் கேட்டுக் குறித்தார். மாட்டுக்கும் ஒரு குடம் உண்டா என்பதில் மட்டும் முக்கால் மணி நேரம் போயிற்று. ஊர்ப் பெரியவர் வீட்டிலிருந்து இரண்டு குடம் அதிகம் கேட்டு ஆள் வந்தான். மூன்றாம் நாள் ஒருவர் குடத்தை இன்னொருவர் தள்ளிவைத்தார். டீச்சர் அடுத்த நாளிலிருந்து குடத்தில் சுண்ணாம்பால் எண் போட்டார். அந்த யோசனை விதிப்புத்தகத்தில் இல்லை, அவர் தெருவில் இருக்கிறது.

மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின. ஒரு வாள்கூட உருவப்படவில்லை. மலையரக்கன் மலையிலேயே இருந்தான். மாணவன் வெளிப்படையாகவே கொட்டாவி விட்டான். அவன் வீரனுக்குச் செய்ய ஒன்றுமில்லை, வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தவிர. சூப்பர்வைசர்தான் எதிர்பாராமல் ஒட்டிக்கொண்டார். அவர் பாத்திரம் கிணற்றைத் தூர்வார ஆரம்பித்தது, நாளொன்றுக்கு எத்தனை அடி என்று பட்டறைக் கணக்கோடு. தாகமுள்ளவன் ஒரு நாளில் எத்தனை அடி தோண்டுவான் என்பது வந்தபோது, அவருக்கு ஒரு குடம் ஒதுக்கலாமா என்று டீச்சரிடம் கேட்கவேண்டியிருந்தது. டீச்சர் யோசித்துவிட்டு, அரைக் குடம் என்றார்.

ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் வானிலைக்கு ஒரு பகடை உருட்டுவது வழக்கம். நான்காம் ஞாயிறு அதில் மழை விழுந்தது. நான் செய்ததல்ல, எல்லோர் கண்முன்னால் உருட்டியது. மாணவன் கைதட்டினான், இனி மலைக்குப் போகலாம். ஊருக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னேன்: கூரைகளுக்குக் கீழே அண்டாக்கள், குழந்தைகள் தெருவில், கிணற்றுக்குள் முழங்கால் அளவு கலங்கல் நீர். மறுநாள் காலை பூசாரிப் பெண் வாசலில் வந்து நின்றபோது வரிசை இல்லை. டீச்சர் கொஞ்ச நேரம் அந்த நாற்பது வீட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தக் கிழவி வீட்டுக் கூரை ஒழுகுதா, பாருங்க சார்,” என்றார்.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. விலையை மந்திரத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். உலகத்தின் கையில் விட்டால், உலகத்தைச் சொல்பவனின் மனநிலையே விலையாகிவிடும் ஆபத்து உண்டு. கஞ்சனான கட்டியங்காரன் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஓர் இந்திரனை அனுப்பிக்கொண்டிருப்பான். விதிநூல்கள் முத்தையும் பொன்னையும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். இருந்தும் அந்த மூன்று ஞாயிறுகளுக்குப் பிறகு எங்களால் முத்துக்குத் திரும்ப முடியவில்லை. இப்போது எங்கள் பைண்டிங் நோட்டில் ஒவ்வொரு சண்டையில்லா மந்திரத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருக்கிறது: யார் காதில் விழும்?

இப்போது நடந்துகொண்டிருப்பது இளமையைப் பற்றிய சண்டை. மாணவனின் ஊருக்குச் சற்று மேற்கே திருமழிசை. அந்த ஊர் ஆழ்வாரைப் பற்றி வழங்கும் கதையை அவன் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். காஞ்சியில் தமக்குத் தொண்டு செய்த கிழவிக்கு ஆழ்வார் இளமையைத் தருகிறார். அவள் எதுவும் விலை கொடுக்கவில்லை. அவள் அழகைக் கண்ட பல்லவ மன்னன் அவளை மணக்கிறான்; ஆண்டுகள் போக அவனுக்கு நரைக்கிறது, அவளுக்கு நரைக்கவில்லை. தனக்கும் இளமை வேண்டுமென்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை நெருக்குகிறான். அவர் மறுக்க, நாடுகடத்துகிறான். சீடரோடு ஆழ்வாரும், ஆழ்வாரோடு பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் கிளம்ப, காஞ்சி இருண்டுபோகிறது. அவர்கள் ஓரிரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை என்பார்கள். கிழவியின் முழங்கால் வலியில் தொடங்கிய ஓர் அருள், ஒரு நகரத்தைக் காலி செய்வதில் போய் நிற்கிறது.

மாணவன் தன் புதிய பாத்திரத்துக்கு இந்த ஒரு மந்திரம் மட்டும் வேண்டுமென்கிறான், சண்டை மந்திரங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகச் சொல்கிறான். மூன்று ஞாயிறு கொட்டாவி விட்டவன்! தரலாம் என்பதில் மூவருக்கும் உடன்பாடு. அந்த ஊருக்கு ஒரு மன்னனை நான் எழுதியும் வைத்துவிட்டேன். டீச்சர்தான் அந்தத் தாளைத் தள்ளிவைத்துவிட்டு, ஒருமுறையாவது மன்னன் இல்லாத ஊராக இருக்கட்டுமே, கிழவி நடந்து போய் என்ன பார்க்கிறாள் என்று பார்ப்போமே என்கிறார். இன்னும் முடிவாகவில்லை.